தென்மேற்கே போன டிரோன்

கும்மிடிப்பூண்டி
3.11.2025, திங்கள்

திலகா,

போன் போட்டால் ரிங்கே போகவில்லை. வாட்ஸப்பில் ஒற்றை டிக். நீ ப்ளாக் பண்ணிவிட்டாய் என்று புரியவே எனக்கு ரெண்டு நாள் ஆனது, அவ்வளவு மண்டு நான். அதனால்தான் பேப்பரும் பேனாவும். சாம்சன் அண்ணன் ஓட்டுகிற கம்பெனி பஸ் தினமும் திருவள்ளூர் பக்கம் வந்துதானே ஆள் ஏற்றுகிறது, அவரிடம் கொடுத்தனுப்புகிறேன். உன் கையில் மட்டும்தான் கொடுக்க வேண்டும், உங்கள் அண்ணன் துளசிராமன் கேட்டால் தரக்கூடாது என்று படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறேன்.

நடந்ததை நீ என் வாயால் கேட்கவே இல்லை. இப்போது கேள். வியாழக்கிழமை அந்த இரும்பு உருக்காலையில் ஷெட் கூரையைப் படம் எடுக்க நம் குழு டிரோனை ஏற்றினேன். பெரிய மழைக்கு முன்னால் எந்தத் தகடு ஒழுகும் என்று பார்த்துச் சொல்ல வேண்டும். நம் மகளிர் குழுவுக்குக் கிடைத்த முதல் கம்பெனி வேலை. பாதிக் கூரை முடிந்திருந்தது. தூறல் போட்டது, ஷெட் ஓரமாகத் தகட்டுக்கு அடியில் ஒதுங்கினேன். அந்த நேரம் பார்த்து ஸ்கிரீன் போய்விட்டது. நான் பதறவில்லை. சிக்னல் அறுந்தால் தானாகவே கிளம்பின இடத்துக்கு வந்து இறங்கும் என்று பயிற்சியில் ரெண்டு பேரும் சேர்ந்துதானே படித்தோம்? வெளியே ஓடிவந்து அண்ணாந்து பார்த்தேன். மேலே ஏறியது. திரும்பியது. என் பக்கம் இல்லை. எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு புகைபோக்கியைத் தாண்டிப் போய்விட்டது. "ஏய், இன்னாத்துக்கு அங்க போற, இங்க வா" என்று கத்திக்கொண்டே கேட் வரைக்கும் ஓடினேன். செக்யூரிட்டி சிரித்தான்.

சனிக்கிழமை உங்கள் அண்ணன் எங்கள் வீட்டுக்கு வந்தார். ரிமோட்டைப் பிடுங்கிக்கொண்டார். "அதுக்கு இன்னா கால் மொளைச்சு எளாவூர் செக்போஸ்ட் தாண்டிப் பூட்ச்சா? ஆந்திராக்காரன் எவ்ளோ டப்பு குட்த்தான்?" என்று கேட்டார். என்னிடம் இல்லை, அப்பாவிடம். "இன்னா தாவீது, பொண்ணு இப்டி பண்ணிக்கினு வந்து நிக்குது" என்றார். அப்பா வயதில் பாதி இருக்குமா உங்கள் அண்ணனுக்கு? அப்பா எழுந்து நின்றார், திலகா. இத்தனை வருஷம் ரோலிங் மில் சூட்டில் நின்று வீடு கட்டின மனுஷன், சொந்த வீட்டில், எழுந்து நின்றார்.

போலீசில் புகார் கொடுக்கப் போகிறீர்களாமே. நீ குழுவின் செயலாளர், உன் கையெழுத்து இல்லாமல் அது போகாது. புகாரில் என் பேர் ஏறினால் சிப்காட்டில் ஒரு கேட்டிலும் என்னை உள்ளே விட மாட்டார்கள், தெரியும்தானே? ஒரே ஒரு கேள்வி. ஒரு வரியில் பதில் போடு. டிரோனை நான் விற்றுவிட்டேன் என்று நீ நினைக்கிறாயா?

சுகிர்தா


திருப்பாச்சூர்
6.11.2025

அன்புள்ள சுகிர்தாவுக்கு,

உன் கடிதத்தை சாம்சன் பால் சொசைட்டி வாசலில் வைத்துக் கொடுத்தார். நல்லவேளை, பக்கத்தில் யாரும் இல்லை. இனியும் அங்கேயே கொடுக்கச் சொல்.

உன் நம்பரை ப்ளாக் செய்தது நான் இல்லை. அண்ணன் என் போனை வாங்கிச் செய்தார். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், ஒன்றும் சொல்லவில்லை. வீட்டில் ஏற்கெனவே பேஜாராக இருக்கிறது, இதில் இன்னொரு சண்டையா என்று இருந்துவிட்டேன். நீ இங்கே வந்து ஒரு நாள் இருந்து பார்த்தால் தெரியும்.

நீ விற்றுவிட்டாய் என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னேன் என்று யாராவது சொன்னால் அது பொய். ஆனால் சுகி, பதில் சொல்ல வேண்டிய இடத்தில் நான் இருக்கிறேன். ஒரு மிஷின் தன்பாட்டுக்குப் பறந்து போய்விட்டது என்றால் யார் நம்புவார்கள்? நீயே சொல். ஏற்றுவதற்கு முன்னால் சாட்டிலைட் போதுமான அளவு சிக்கும் வரை காத்திருந்தாயா, இல்லை அவசரமாகத் தூக்கிவிட்டாயா? உனக்குப் பொறுமை கிடையாது, பயிற்சியிலேயே சார் திட்டியிருக்கிறார். திரும்பி வருகிற உயரத்தை எவ்வளவு வைத்தாய்? எங்கள் ஊரில் தென்னை மரத்துக்கு மேலே இருந்தால் போதும். அங்கே புகைபோக்கி இருக்கிறது, ஹைடென்ஷன் கம்பி இருக்கிறது. அதில் மோதியிருந்தால்? கம்பிக்கட்டு அடுக்கின இடத்தில் வைத்து ஏற்றினால் உள்ளே இருக்கும் திசைகாட்டி குழம்பிப்போகும் என்று உனக்குத் தெரியாதா? இதில் எதையோ கோட்டை விட்டிருக்கிறாய். என் கவனக்குறைவுதான் என்று நாலு வரி எழுதிக் கொடுத்துவிடு. நான் அண்ணனிடம் பேசிப் புகார் வரைக்கும் போகாமல் பார்த்துக்கொள்கிறேன்.

எங்கள் வயலில் இப்படி ஒரு தடவைகூட ஆனதில்லை. காலையில் களத்தில் வைத்து ஸ்டார்ட் பண்ணினால், அதற்கப்புறம் எந்த வரப்பிலிருந்து ஏற்றினாலும் அது சேற்றில் இறங்காமல் களத்துக்கே வந்துவிடும். நான் அப்படி செட்டிங் போட்டு வைத்திருக்கிறேன்.

குழுத்தலைவி என்கிற முறையில் அம்மா வருகிற 16-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை கூட்டம் போட்டிருக்கிறார்கள். "ஆரத்தி எட்த்து அனுப்ச்சோம். அதுக்கப்புறமும் இப்டி ஆச்சுன்னா, கை மாறுன எடத்துலதான் தப்பு" என்கிறார்கள். நான் என்ன செய்யட்டும்? சீக்கிரம் எழுதிக் கொடு.

திலகவதி


கும்மிடிப்பூண்டி
9.11.2025

திலகா,

ஒரு வரி கேட்டேன். ஒரு முழுப் பக்கம் எழுதியிருக்கிறாய். அந்த ஒரு வரியை மட்டும் காணோம்.

சரி, விசாரணைக் கமிஷன் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லிவிடுகிறேன். சாட்டிலைட்டுக்குக் காத்திருந்தேன், கால் வலிக்கிற வரைக்கும். உயரத்தைப் புகைபோக்கிக்கு மேலே வைத்தேன், அதனால்தான் அது மோதாமல் தாண்டிப் போனது. கம்பிக்கட்டுப் பக்கமே போகவில்லை, கான்டீனுக்குப் பின்னால் வெறும் மண்தரையில் வைத்து ஏற்றினேன். நான் செய்த தப்பு வேறே ஒன்று, அதை நீ கேட்கவே இல்லை. நனைந்துவிடுவேன் என்று தகட்டுக்கு அடியில் நின்றேன். எனக்கும் அதுக்கும் நடுவில் ஷெட் வந்துவிட்டது. கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் நின்றிருந்தால் சிக்னல் அறுந்திருக்காது. அது என்மேல்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அறுந்த பிறகு அது என்னிடம் வந்திருக்க வேண்டும். ஏன் வரவில்லை?

திசைகாட்டி குழம்பின டிரோன் எப்படிப் பறக்கும் என்று நாம் பார்த்திருக்கிறோம். வட்டம் போடும், தள்ளாடும். இது தள்ளாடவில்லை. அம்பு மாதிரி நேராகப் போனது. குழம்பின மிஷின் அப்படிப் போகுமா? அதுக்குப் போக வேண்டிய இடம் தெரிந்திருந்தது. ராத்திரி பகல் இதே நினைப்புதான் எனக்கு, சோறு தின்னும்போதுகூட. நேற்று ஆலைக்குப் போய் செக்யூரிட்டி காலில் விழாத குறையாகக் கெஞ்சி, அன்றைக்கு நின்ற அதே இடத்தில் நின்று, புகைபோக்கியை அடையாளம் வைத்து போனில் திசை பார்த்தேன். தென்மேற்கு. மேப்பில் ஸ்கேல் வைத்துக் கோடு இழுத்தேன். கவரப்பேட்டைக்கு மேற்கே போய், ஆரணி ஆற்றைத் தாண்டி, பெரியபாளையத்தை ஒட்டி, அப்படியே கீழே இறங்கினால் திருப்பாச்சூர். நீங்கள் இருக்கிற தெரு.

அன்றைக்குக் காலையை நினைத்துப் பார். டிரோனை எடுத்துப்போக நான் உங்கள் வீட்டுக்கு வந்தேன். வாசல் கோலத்தின் மேலே அதை வைத்தோம். உங்கள் அம்மா பொட்டு வைத்து ஆரத்தி சுற்றினார்கள். "நல்ல நேரம் முடியறதுக்குள்ள ஒருக்கா சுத்த வுடு" என்றார்கள். இறக்கை சுற்றியது. ஹோம் பாயிண்ட் பதிவாகிவிட்டது, இனி இங்கேதான் திரும்பி வரும் என்று ரிமோட் சொன்னது. நான் அணைக்கப் போனேன். உங்கள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். "நல்ல நேரத்துல தொவக்குனத அணைக்கக் கூடாதும்மா. அப்டியே எட்த்துக்கினு போ" என்றார்கள். நான் சர்ச்சுக்குப் போகிறவள், எனக்கு நல்ல நேரமும் கிடையாது, கெட்ட நேரமும் கிடையாது. இருந்தாலும் பெரியவர்கள் ஆசையாகச் சொல்கிறார்களே என்று, டிரோனில் விளக்கு மினுக்மினுக்கென்று எரிய, அதை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். பக்கத்தில் இருந்தவர்கள் வெடிகுண்டா என்று கேட்டார்கள். ஆலையில் பாட்டரி மாற்றும்போதுகூட ரெண்டையும் ஒன்றாகக் கழற்றினால் அணைந்துவிடுமே என்று ஒவ்வொன்றாக மாற்றினேன். உங்கள் அம்மாவுக்குக் கொடுத்த வாக்கு என்று அப்படிக் காப்பாற்றினேன்.

இப்போது உன் செட்டிங்குக்கு வருவோம். முதல் தடவை இறக்கை சுற்றின இடத்தை நினைவில் வை, அணைக்கிற வரைக்கும் மாற்றாதே. அதுதானே? வரப்பில் சௌகரியம் என்று போட்டுவிட்டு எடுக்க மறந்துவிட்டாய். அது ஆலையை மதிக்கவே இல்லை. உங்கள் வாசலைத்தான் நினைவில் வைத்திருந்தது. கும்மிடிப்பூண்டியில் ஏற்றும்போது ரிமோட் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. அதை நான் கவனித்திருக்க வேண்டும். மேப்பில் ஒரு பார்வை பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும். விட்டுவிட்டேன்.

ரிமோட் உங்கள் வீட்டில்தானே இருக்கிறது. திறந்து பார். கடைசியாகப் பதிவான இடம் எது என்று அதில் இருக்கும். பார்த்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் எழுந்து சொல். டிரோன் கிடைத்துவிட்டால் என்னை நம்புவதற்கு ஊரே வரும். நீ அதற்கு முன்னால் வர வேண்டும்.

சுகிர்தா


திருப்பாச்சூர்
12.11.2025

சுகி,

பார்த்தேன். அண்ணன் உரம் வாங்கப் போயிருந்த நேரம் பீரோவைத் திறந்து ரிமோட்டை எடுத்தேன். எங்கள் வாசல்தான். மேப்பில் பெரிதாக்கினால் முருங்கை மரம்கூடத் தெரிகிறது.

நீ விற்றிருக்க மாட்டாய் என்று எனக்கு எப்போதுமே தெரியும். முதல் கடிதத்திலேயே எழுதியிருக்கலாம். எழுதினால் அடுத்து நான் ஏதாவது செய்ய வேண்டி வருமே என்று பயந்தேன். போதுமா?

ஆனால் கூட்டத்தில் எப்படிச் சொல்வேன்? அம்மா ஆரத்தி எடுத்து அணைக்கவிடாமல் அனுப்பினதுதான் காரணம் என்று, அவர்களே தலைமை தாங்குகிற கூட்டத்தில்? அண்ணன் உங்கள் வீட்டுக்கு வந்து பேசினதையெல்லாம் திரும்ப வாங்க வேண்டியிருக்கும். அவர் எதையும் திரும்ப வாங்குகிற ஆள் இல்லை. எனக்கு இந்த வீட்டை விட்டால் போக்கிடம் கிடையாது.

நான் ஒரு யோசனை சொல்கிறேன், கோபப்படாமல் படி. அன்றைக்கு வடகிழக்குக் காற்று. அதன் முதுகில் தள்ளியிருக்கும். மிச்சமிருந்த பாட்டரிக்குத் திருப்பாச்சூர் வரைக்கும் வந்திருக்கவே முடியாது. பாட்டரி தீரப்போகிறது என்று தெரிந்ததும் அது இருந்த இடத்திலேயே மெதுவாக இறங்கியிருக்கும். என் கணக்குப்படி கவரப்பேட்டைக்கு மேற்கே, ஆரணி ஆற்றுக்கு உன் பக்கம். மேப்பில் கட்டம் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். நீ போய்த் தேடு. கிடைத்துவிட்டால் யாரோ எடுத்துக் கொடுத்தார்கள் என்று சொல்லிவிடலாம். புகாரும் இருக்காது. செட்டிங், ஆரத்தி ஒன்றும் வெளியே வராது. உனக்கும் நல்லது, எனக்கும் நல்லது.

திலகா


கும்மிடிப்பூண்டி
14.11.2025

திலகா,

மேப் கிடைத்தது. நல்ல மேப். கணக்கில் உன்னை அடிக்க ஆள் இல்லை.

எனக்கு நல்லது என்றாயே, அதைப் பற்றிச் சொல்கிறேன். நேற்று நான் வேலை பார்க்கிற கம்பெனியில் சூப்பர்வைசர் கூப்பிட்டு, "உன் மேல கேஸ் இன்னாமோ வருதாமே, முடிச்சிக்கினு வா" என்று பாஸை வாங்கி வைத்துக்கொண்டார். யார் சொன்னது என்று கேட்டேன். திருவள்ளூர் பஸ்ஸில் எல்லோரும் பேசிக்கொள்கிறார்களாம். யாரோ எடுத்துக் கொடுத்தார்கள் என்று நீ சொன்னால், நான் பயந்து போய்த் திருப்பிக் கொடுத்தேன் என்றுதான் அதே பஸ் பேசும். எங்கள் தெருவில் ஒரு பொருள் காணாமல் போனால் அது தொலைந்தது. உங்கள் வீட்டில் காணாமல் போனால் அது திருட்டு, அதற்கு ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் எந்தத் தெருவில் இருப்பான் என்று முதலிலேயே முடிவாகியிருக்கும். இது உனக்குப் புரியாது என்று நான் நினைக்கவில்லை.

நாளைக்குத் தேடப் போகிறேன். உனக்காக இல்லை. கிடைத்தால் கிடைக்கட்டும், ஏரியில் விழுந்திருந்தால் மீனுக்கு ஆகட்டும். ஞாயிற்றுக்கிழமை நீ பேசுவதும் பேசாததும் அதைப் பொறுத்தது இல்லை. இனி நான் எழுத மாட்டேன்.

சுகிர்தா


திருப்பாச்சூர்
17.11.2025

சுகி,

எழுத மாட்டேன் என்றாய். பரவாயில்லை, நான் எழுதுகிறேன், படி.

நேற்று கூட்டத்துக்கு எல்லோரும் வந்திருந்தார்கள். குழுவில் இல்லாவிட்டாலும் அண்ணனும் வந்து உட்கார்ந்துகொண்டார். புகாரை அவரே எழுதி வைத்திருந்தார், சத்தமாகப் படித்தார். "டிரோனை அபகரித்த சுகிர்தா, தகப்பன் பெயர் தாவீது" என்று இருந்தது. பேனாவை என் பக்கம் நீட்டினார். நான் பேனாவை வாங்காமல் எழுந்து உள்ளே போனேன். கையெழுத்துப் போடப் பயந்து ஓடுகிறேன் என்று நினைத்திருப்பார்கள். நான்கூட அப்படித்தான் நினைத்தேன், பீரோவைத் திறக்கிற வரைக்கும்.

ரிமோட்டைக் கொண்டுவந்து நடுவில் வைத்து, "இது நம்ம ஊட்டு வாசல்தான, பாருங்க" என்றேன். எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். குழுவில் ரம்யாதான் முதலில், "அப்போ சுகிக்கா சொன்னது நெசம்தானா? அது இங்கதான் வரப் பாத்துதா?" என்று கேட்டாள். நான் செட்டிங் மாற்றினதையும், திரும்ப மாற்ற மறந்ததையும் சொன்னேன். அம்மா முகம் எப்படியோ ஆகிவிட்டது. "அப்போ நான் தொலைச்சேன்றியா? ஆரத்தி எட்த்தது குத்தமா?" என்றார்கள். "ஆரத்தி குத்தமில்லமா. அணைக்க வுடாததுதான் குத்தம். செட்டிங் என்னுது. நாம ரெண்டு பேருந்தான் தொலைச்சோம். அவ நாம சொன்னத அப்டியே கேட்டா, அவ்ளோதான் அவ பண்ணது" என்றேன். என் குரல் அவ்வளவு சத்தமாக வரும் என்று எனக்கே தெரியாது.

அண்ணன் எழுந்துவிட்டார். "நம்ம ஊட்டு ஆளுங்கள வுட அவ உனக்குப் பெருசா பூட்டாளா? நைனா இருந்தா உன்ன இங்க நிக்க வுட்டிருப்பாரா?" என்றார். புகாரைக் கிழித்து எறிந்துவிட்டு பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அதற்கப்புறம் புகார் பேச்சை யாரும் எடுக்கவில்லை. நீ விற்கவில்லை, உன்மேல் குற்றம் இல்லை என்று மினிட்ஸில் எழுதிவிட்டோம். உன் சூப்பர்வைசரிடம் காட்ட அதை ஜெராக்ஸ் எடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். டிரோன் கிடைக்காவிட்டால் நான்தான் பொறுப்பு என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். செயலாளர் வேலையை ரம்யாவுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

இனி எப்படி ஏற்ற வேண்டும் என்றும் பேசினோம். ஆரத்தி எடுக்கட்டும், யாரும் தடுக்கவில்லை, ஆனால் எடுத்து முடித்ததும் அணைத்துவிட வேண்டும். ஏற்றுகிற இடத்தில் புதிதாக ஸ்டார்ட் பண்ணி, எங்கே திரும்பி வரும் என்பதை மேப்பில் கண்ணால் பார்த்து, வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் தூக்க வேண்டும். ஒருத்தி ஓட்டினால் இன்னொருத்தி வெட்டவெளியில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பாதி பாட்டரியில் திரும்பிவிட வேண்டும். இதை ரம்யா எழுதிக்கொண்டாள். அம்மா காது கொடுத்துக் கேட்டார்கள், ஆனால் நேற்றிலிருந்து என்னோடு பேசவில்லை. சோறு மட்டும் போட்டு வைக்கிறார்கள்.

வருகிற சனிக்கிழமை நான் கவரப்பேட்டைக்கு வருகிறேன். ஒவ்வொரு வயலாக இறங்கித் தேடுவேன். நீ வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி. இத்தனை நாள் உன்னைத் தனியாக விட்டுவிட்டேன், சுகி. எனக்கு அழுகையாக வருகிறது.

திலகா


கும்மிடிப்பூண்டி
18.11.2025

திலகா,

தேட வராதே. டிரோன் என்னிடம் இருக்கிறது.

நேற்று, இன்றைக்குக் கிடைத்தது இல்லை. சனிக்கிழமையே கிடைத்துவிட்டது. நீ போட்ட கட்டத்துக்குள்தான், ஆற்றுக்கு இந்தப் பக்கம், நடவு முடிந்த ஒரு வயலில் அலுங்காமல் இறங்கியிருக்கிறது. அந்த நிலம் ஈஸ்வரி என்கிற அம்மாவுடையது. கம்பெனிக்காக நிலம் அளக்க சர்க்கார்தான் அனுப்பியிருக்கிறது என்று நினைத்து, யார் கண்ணிலும் படாமல் வைக்கோல் போருக்குள் திணித்து வைத்திருக்கிறார்கள். "எங்க நெலத்த அளந்துக்கினு போயி யாராண்ட குடுக்கப் போற?" என்று என்னை அரிவாளோடுதான் விசாரித்தார்கள். நான் சர்க்கார் இல்லை, தொலைத்தவள் என்று பைபிள் மேல் சத்தியம் பண்ண வேண்டியிருந்தது. அப்புறம் மோர் கொடுத்தார்கள். ஒரு இறக்கை மட்டும் உடைந்திருக்கிறது, வைக்கோலில் திணித்ததால். பதிவு எல்லாம் உள்ளே அப்படியே இருக்கிறது.

சாயங்காலம் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். அப்பாவிடம்கூடச் சொல்லவில்லை. ரம்யாவுக்குப் போன் போட்டு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உனக்கு அந்தக் கூட்டமே இல்லை. போனைக் கையில் எடுத்தேன், வைத்தேன், எடுத்தேன், வைத்தேன். போடவில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் உட்கார்ந்து ஒரு வார்த்தை காதில் ஏறவில்லை. நீ கையெழுத்துப் போட்டுவிட்டாய் என்று சேதி வரும், டிரோனைத் தூக்கிக்கொண்டு நேராக ஸ்டேஷனுக்குப் போய் மேஜைமேல் வைத்துவிட்டு, உன் முகத்தில் முழிக்காமல் வாழ்நாளைக் கழித்துவிடலாம் என்று அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். நினைக்க நினைக்க ஒரு சந்தோஷம்கூட வந்தது. அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

நீ உன் வீட்டாரை எதிர்த்து நின்று, பதவியை விட்டு, தொலைந்த பொருளுக்கு நான் பொறுப்பு என்று கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது, அந்தப் பொருள்மேல் நான் படுத்திருந்தேன். உன் கடிதத்தை சாம்சன் அண்ணன் பஸ் படியில் நின்று கொடுத்தார். அங்கேயே பிரித்துப் படித்துவிட்டு ரோட்டோரமாக உட்கார்ந்துவிட்டேன்.

நீ என்னை நம்பினாய், எழுந்து சொன்னாய். நான்தான் உன்னை நம்பவில்லை, திலகா. டிரோனை ரம்யாவிடம் கொடுத்துவிடுகிறேன். ஆனால் நீ சனிக்கிழமை வா. இதற்கு என்னை என்ன சொல்லப் போகிறாயோ, நேரில் வந்து சொல்.

சுகிர்தா